புது சி-ஆர்மில் எறும்பு ஊர்கிற மாதிரி படம்

கேள்வி: பல்லடத்தில் ஓர் எலும்பு மருத்துவமனையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்-ரே படம் காட்டும் சி-ஆர்ம் இயந்திரத்தில், வெளிச்சத்தைப் பெருக்கும் டியூப் (இமேஜ் இன்டென்சிஃபயர்) உள்ள பழையதை மாற்றி, தட்டையான டிடெக்டர் உள்ள ஃபிளாட் பேனல் வாங்கியிருக்கிறோம். லோ டோஸில், அதாவது எக்ஸ்-ரே அளவைக் குறைத்தால், படம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள். டிடெக்டர் பழுதா? டாக்டர் டோஸை ஏற்றச் சொல்கிறார், ஏற்றலாமா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காதுங்க. டிடெக்டரில் கோளாறு என்றால் கோடோ புள்ளியோ ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அப்படி இருந்தால் காலிபரேஷனுக்கு (டிடெக்டரைச் சரிபார்த்துத் திருத்த) சொல்லுங்கள். புள்ளிகள் ஊர்கின்றன என்றால் எக்ஸ்-ரே போதவில்லை என்று பொருள்.

உடம்பைத் தாண்டி வரும் எக்ஸ்-ரே, சீசியம் அயோடைடு படலத்தில் விழுந்து வெளிச்சமாகிறது. அந்தப் படிகம் ஊசி ஊசியாக வளர்ந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் அதிகம் சிதறாமல் ஊசி வழியே இறங்கும். கீழே உள்ள போட்டோடயோடுகள் அதை மின்னூட்டமாகத் தேக்கும். மீதி, தறி ஓடும் ஊர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம்: பாவும் ஊடும் போல மெல்லிய கம்பிகள். ஒரு வரிசைக் கம்பிக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அந்த வரிசையின் டிரான்சிஸ்டர்கள் திறக்கும். தேங்கிய மின்னூட்டம் குறுக்குக் கம்பிகளில் இறங்கி எண்ணாக மாறும். இப்படி வரிசை வரிசையாக, வினாடிக்கு 15 படம், 30 படம் என்று வாசிக்கப்படும்.

வாசலில் டம்ளர்களை அடுக்கி வைத்து, தூறல் விழும்போது பாருங்கள். ஒன்றில் 6 துளி, பக்கத்தில் 12. அடைமழையில் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். எக்ஸ்-ரேயும் அப்படித்தான். சராசரி 100 துளி என்றால் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது 10 சதவீதம். 400 என்றால் 20, அதாவது 5 சதவீதம்தான். அதாவது புள்ளிகளைப் பாதியாக்க டோஸ் 4 மடங்கு வேண்டும். அந்த விலையைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய இமேஜ் இன்டென்சிஃபயர் டியூப், எலெக்ட்ரான்களை முடுக்கி வெளிச்சத்தைப் பெருக்கிய பிறகே கேமராவுக்குக் கொடுத்தது. பேனலில் அந்தப் பெருக்கம் இல்லாததால், டோஸ் மிகக் குறைந்தால் எலெக்ட்ரானிக் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் முதலில் டிடெக்டரை நோயாளிக்கு நெருக்கமாகக் கொண்டு வாருங்கள். எக்ஸ்-ரே வரும் டியூப் மேசைக்குக் கீழே இருக்கட்டும். அப்புறம் எக்ஸ்-ரே விழும் பரப்பைக் கட்டுப்படுத்தும் காலிமேட்டரைச் சுருக்குங்கள். சிதறல் குறைந்து எலும்பு தெளியும், அருகில் நிற்பவர்களுக்கும் நல்லது. கை அசையாத நேரத்தில் புள்ளிகளை மட்டுப்படுத்தும் நாய்ஸ் ரிடக்ஷனைக் கூட்டலாம். அசையும்போது கூட்டினால் நிழல் இழுக்கும். எலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கப் புள்ளி நிறைந்த படமே போதும், எக்ஸ்-ரேயை நிறுத்தினாலும் கடைசிப் படம் திரையில் நிற்கத்தான் செய்யும். எலும்புக்குள் செலுத்தும் கம்பியான நெய்லின் கீழ்த்துளையில் ஸ்க்ரூ போடும்போது மட்டும் டோஸை ஏற்றுங்கள், ஸ்க்ரூ உட்கார்ந்ததும் இறக்கிவிடுங்கள்.