யார் சோதிப்பது?

அன்புள்ள சார்,

நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவில் வந்த பஞ்சம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. உள்ளே குழந்தைகள் பட்டினியால் சாகிறார்கள், வெளியே பால்பவுடர் தயாராக இருக்கிறது. அதைக் கொண்டுபோக, முற்றுகை போட்ட அரசிடமே அனுமதி கேட்கச் சொல்கிறது சட்டம். இது என்ன சட்டம்? கேட்காமல் போவதுதானே சரி?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

கேட்காமலும் போனார்கள். 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் நைஜீரியப் படையிடம் விழுந்ததும் பியாஃப்ராவுக்குக் கடல்வழி அடைபட்டது. அப்புறம் பெரும்பாலும் நம்பியிருந்தது உலி என்ற ஊரில் சாலையை அகலப்படுத்திப் போட்ட ஓடுதளத்தைத்தான். தேவாலய அமைப்புகளின் விமானங்கள் சாவோ டோமே தீவிலிருந்து இருட்டில் வரும். இறங்கும் நேரத்துக்கு மட்டும் தரையில் விளக்கு எரியும். பால்பவுடர், உப்பு, நார்வேயிலிருந்து வந்த காட் மீன் கருவாடு. போர் முடிவதற்குள் 5,000 தடவைக்கு மேல் பறந்திருக்கிறார்கள். அந்த விமானிகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அதே உலியில், அதே இருட்டில், ஆயுதம் ஏற்றிய விமானங்களும் இறங்கின. லாகோஸில் இருந்த நைஜீரிய அரசு பிடித்துக்கொண்டது இதைத்தான். 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவை விமானம் ஒன்றை நைஜீரியப் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. அதற்கு எந்த நியாயமும் கிடையாது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன் விமானங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. செப்டம்பரில், சரக்கைச் சோதித்துவிட்டுப் பகலில் பறக்க லாகோஸ் ஒப்புக்கொண்டது. இந்தத் தடவை மறுத்தது பியாஃப்ரா. பகலில் ஓடுதளத்தைத் திறந்தால் அந்தச் சாக்கில் படை வந்துவிடும் என்ற பயம். பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகிக் கிடந்த பிள்ளைகளை அந்தப் பயத்துக்குப் பணயமாக வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தைத் திட்டினீர்கள், பாதி சரி. 1949-ன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, எதிரி நாட்டு மக்களில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த பெண்களுக்கும்தான் உணவை அனுமதிக்கச் சொல்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கு அதில் சோறு இல்லை. படைக்குத் திருப்பிவிடப்படும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் அதையும் மறுக்கலாம். இதுவும் நாடுகளுக்கிடையிலான போருக்குத்தான். உள்நாட்டுப் போருக்கு இருந்தது நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு ஒன்றுதான். பாரபட்சமில்லாத அமைப்பு உதவ முன்வரலாம் என்கிறது. வரலாம், அவ்வளவுதான்.

அந்த உடன்படிக்கைகளோடு 1977-ல் சேர்த்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை, உள்நாட்டுப் போரிலும் பட்டினியைப் போர்முறையாக்குவதைத் தடைசெய்தது. உதவிக்கு அரசின் சம்மதம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மக்கள் பிழைக்க வழியில்லாதபோது தக்க காரணமின்றி அந்தச் சம்மதத்தை மறுக்கக் கூடாது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் உரிமை மட்டும் அரசுக்கு உண்டு.

அதனால் என் கேள்வி யார் அனுமதிப்பது என்பது அல்ல, யார் சோதிப்பது என்பது. சோதிக்கும் வேலையை இரு தரப்பும் நம்பக்கூடிய மூன்றாவது ஆளிடம் கொடுத்தால், மறுப்பவர் கையில் காரணம் மிஞ்சாது. சிரியாவில் இது நடந்தது. 2014 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2165-ஆம் தீர்மானத்தின் மூலம் துருக்கி, ஈராக், ஜோர்டான் எல்லைகளில் நான்கு வாசல்களைத் திறந்துவிட்டது. டமாஸ்கஸில் இருந்த சிரிய அரசிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னார்கள். லாரிகளில் ஏற்றிய சரக்கை ஐ.நா. ஆட்களே சோதித்தார்கள். 2020-க்குள் அந்த நான்கில் பாப் அல்-ஹவா ஒன்றுதான் மிஞ்சியது. 2023 ஜூலையில் ரஷ்யாவின் வீட்டோவோடு அதற்கான கவுன்சிலின் அதிகாரமும் முடிந்தது. அதன்பின் அந்த வாசலில் லாரி நுழைய மறுபடி டமாஸ்கஸின் சம்மதத்தை வாங்க வேண்டியிருந்தது.