கேஷ், ஸ்னெல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டாலஸ் பக்கம் குடிவந்த பிறகுதான் நான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு தீராத சந்தேகம். 2003இல் பிட்சர் (பந்து வீசுபவர்) பெட்ரோ மார்டினெஸை வெளியே எடுக்கவில்லை என்று பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டிலைத் திட்டினார்கள். 2020இல் பிட்சர் பிளேக் ஸ்னெல்லை எடுத்துவிட்டார் என்று டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷைத் திட்டினார்கள். எடுத்தாலும் தப்பு, எடுக்காவிட்டாலும் தப்பு என்றால் மேனேஜர் என்னதான் செய்வது? ஜெயித்தால் மேதை, தோற்றால் முட்டாள், அவ்வளவுதானா?

ஒரு வாசகர், டாலஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அவ்வளவுதான் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு ஆட்டங்களிலும் எல்லோரும் பேசுவது வெளியே போனவரைப் பற்றி, அல்லது போகாதவரைப் பற்றி. உள்ளே வரக் காத்திருந்தவர் யார் என்று பார்த்தால் கதையே வேறு மாதிரி தெரியும். கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவிட்டு நாலு ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போன பிட்சர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. அதனால் அடுத்து வருபவர் யார் என்பது பாதி முடிவு.

2020 அக்டோபர் 27, ஆர்லிங்டன். வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம். டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே 1-0 என்று முன்னிலை. ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார். ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடித்து ஆடாமலே அவுட்), இரண்டே ஹிட் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது). அந்த இரண்டாவது ஹிட் விழுந்ததுமே கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவர் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரியும்: டாட்ஜர்ஸ் பேட்டர்கள் மூக்கி பெட்ஸும் கோரி சீகரும் மூன்றாவது முறையாக ஸ்னெல்லைப் பார்க்க வேண்டாம். ஒரே பிட்சரை மறுபடி மறுபடி சந்திக்கும்போது பேட்டர்களின் கை ஓங்கும் என்பது உண்மைதான். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; அந்த ஆண்டு ஸ்னெல் ஒரு ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸ் முழுதாக வீசியதில்லை. ஆக, டாம்பா பேயின் வழக்கப்படி பார்த்தால் கேஷ் செய்ததில் விசித்திரம் ஒன்றுமில்லை. அன்று அவரை விட்டுவைத்திருந்தால்தான் அது விசித்திரம்!

அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால் ஹூஸ்டனுக்கு எதிரான முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். டாம்பா பேயின் சார்லி மார்டன் ஆறாவது இன்னிங்ஸில் இரண்டே ஹிட் கொடுத்து, ஒரு ரன்னும் விடாமல், 66 பந்தில் நின்றார். கேஷ் அவரையும் எடுத்தார். உள்ளே வந்தவர் நிக் ஆண்டர்சன். டாம்பா பே ஜெயித்து வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது.

ஸ்னெல்லுக்குப் பதிலாக வந்தவரும் அதே ஆண்டர்சன். ஆனால் அதற்கு முன் அவர் கடைசியாக வீசிய ஆறு ஆட்டங்களிலும் ரன் கொடுத்திருந்தார். என் வருத்தம் இங்கேதான். பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அன்று ஸ்னெல்லிடம் தலா இரண்டு முறை வந்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள். களைத்த ஆண்டர்சனைப் பார்த்தபோது பெட்ஸின் முகத்தில் எவ்வளவு நிம்மதி இருந்திருக்கும்! டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட விடும் அடி) அடித்தார். ஒரு வைல்ட் பிட்ச்சில் (கேட்சர் பிடிக்க முடியாதபடி தப்பிய பந்து) சமன், சீகர் தரையோடு அடித்த பந்தில் பெட்ஸ் ஓடி வந்து 2-1. கடைசியில் 3-1. டாட்ஜர்ஸ் சாம்பியன்.

லிட்டில் விஷயமும் இதேதான். யாங்கீஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 என்று முன்னிலை. லிட்டில் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போய், பெட்ரோவிடம் பேசிவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். வெளியே தயாராக இருந்தவர்களில் ஒருவர் மைக் டிம்லின். அந்த பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகள்) முழுக்க ஒரு ரன்கூடக் கொடுக்காதவர். அடுத்த இரண்டு பேட்டர்களும் டபுள் அடித்து 5-5 ஆன பிறகுதான் பெட்ரோ வெளியே வந்தார். பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). பாஸ்டன் தோற்றது.

மரபை மீறுவது பற்றிப் பேசும்போது எனக்கு 2016தான் முதலில் ஞாபகம் வரும். கிளீவ்லாண்டின் மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா, தன் மிகச் சிறந்த ரிலீஃப் பிட்சர் (நடுவில் மாற்றாக வருபவர்) ஆண்ட்ரூ மில்லரை, பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அப்படிப்பட்டவரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்குப் பூட்டி வைப்பதுதான் வழக்கம். ஆபத்து ஐந்தாவதில் வந்தால் அவரும் ஐந்தாவதில் வரட்டும் என்றார் ஃபிராங்கோனா. அடுத்த சுற்றில் மில்லர்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

அதே வாரம் டொரோண்டோவில், தோற்றால் வெளியேறும் ஆட்டத்தில், பால்டிமோரின் மேனேஜர் பக் ஷோவால்டர் வழக்கத்தை விடவில்லை. அவருடைய க்ளோசர் (கடைசியில் முன்னிலையைக் காக்க வரும் பிட்சர்) ஸாக் பிரிட்டன் அந்த ஆண்டு 47 வாய்ப்பில் 47ஐயும் காப்பாற்றியவர். முன்னிலை கிடைத்தால் அவரை இறக்கலாம் என்று ஷோவால்டர் காத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் முன்னிலை கிடைக்கவேயில்லை. பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸ் வீச, டொரோண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தது, பிரிட்டன் ஒரு பந்துகூட வீசாமல். இந்த ஐந்து முடிவுகளில் என்னால் இன்றும் ஏற்க முடியாதது இதுதான். அதில் ஊகிக்க வேண்டியது எதுவுமே இருக்கவில்லை.

அப்புறம், கேஷ் இடத்தில் நான் இருந்தால்? பெட்ஸ் முடியும் வரை ஸ்னெல்லை விட்டிருப்பேன். பெட்ஸ் அந்த ஆண்டு இடக்கைப் பிட்சர்களிடம்தான் அதிகம் தடுமாறினார். ஸ்னெல் இடக்கைக்காரர்.