கதவைச் சாத்திக்கொள்ளும் மகன்: ஒரு கடிதம்

வணக்கம். மகனுக்கு 13 வயது. எந்நேரமும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். நான் போனைப் பிடுங்கினால் அவன் அப்பத்தா எடுத்துக் கொடுத்துவிடுகிறார். கணவர் சிங்கப்பூரிலிருந்து இரவு கூப்பிட்டுத் திட்டுகிறார். குடும்பமாக ஆலோசனைக்குப் போகச் சொல்கிறது பள்ளி. கோளாறு அவனிடம்தானே, நாங்கள் எதற்கு?
வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

கதவைச் சாத்துவது அந்த வயதின் இயல்பு. பருவமடையும்போது தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகும், அது அடமல்ல. மாறவேண்டியது வீட்டுச் சட்டம். எட்டு வயதில் போட்டதே இன்னும் நடக்கிறது, அதையும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறீர்கள்.

ஒருவரை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையே சேர்த்துப் பார்க்கும் குடும்ப அமைப்புச் சிகிச்சையை வகுத்த சால்வடோர் மினுச்சின், 1974இல் வெளியான தன் நூலில் தலைமுறைகளுக்கு இடையிலான எல்லையை, அதாவது யார் முடிவெடுப்பது என்ற தெளிவை, வலியுறுத்தினார். உங்கள் வீட்டில் அப்பத்தாவும் பேரனும் ஓரணி, நீங்கள் எதிரணி. ஆலோசகர் மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவார். பிறகு, போன் விஷயத்தைத் தன்னிடம் சொல்லாமல், மாமியாரிடமே நேராகப் பேசச் சொல்வார். பேச்சு எங்கே முறிகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஓர் அமர்வு சுமார் ஒரு மணி நேரம். கணவர் வீடியோவில் சேரலாம்.

அதுவரை இதைச் செய்யுங்கள். இங்கே இரவு ஒன்பது என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை; அசதியில் வருவது திட்டுதான். ஞாயிறு பகலில் பேசட்டும், முதலில் உங்களிடம். இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விதியை மகனிடம் சொல்லுங்கள்: கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் கூடாது, நாங்களும் தட்டிவிட்டுத்தான் வருவோம். ஒன்பதரைக்கு எல்லோர் போனும், உங்களுடையதும், எல்லோரும் புழங்கும் வளவில் சார்ஜுக்கு வரவேண்டும். நேரத்தைப் பத்துக்கு மாற்றக் கேட்டால் பேசி முடிவெடுங்கள். பேரம் பேசுவதும் வளர்ச்சிதான்.

போன்களை வாங்கி வைக்கும் பொறுப்பை அப்பத்தாவிடமே கொடுங்கள். ஒதுக்கிவைத்தால் திரும்பவும் ரகசியமாகக் கொடுப்பார். பேரனிடம் தனக்கிருக்கும் இடம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. தொடக்கத்தில் மகனின் கோபம் கூடும், புது எல்லை உறுதியானதுதானா என்று சோதிப்பான். பல குடும்பங்கள் ஆலோசனையை நிறுத்திவிடுவது அப்போதுதான். நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் இரண்டு வாரமாக விட்டுவிட்டான் என்றால் முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, உடம்பைக் கீறிக்கொண்டாலோ அன்றைக்கே போகவேண்டும், அவனைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.