வீட்டு வயர்லெஸ் கமராவில் படம் உடைகிறது, இரவில் கறுத்தே போகிறது. கமராவை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். வீட்டின் முன் பத்தியில் (தாழ்வாரத்தில்) ஒன்று, கேற் தூணில் ஒன்று, பின்வளவில் ஒன்று என்று மூன்று கமரா பூட்டியிருக்கிறீர்கள். பொழுதுபட்டதும் கேற் கமரா கறுத்துப் போகிறது, மழை நாளில் பின்வளவுப் படம் உறைந்து நிற்கிறது, கனடாவில் இருக்கிற மகனுக்கு எல்லாமே கட்டங்கட்டமாக உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றையும் கமராவின் தலையில் போட்டுப் புதுசு வாங்கினால், புதுசும் அதே தூணில் இருந்து அதே கறுப்பைத்தான் காட்டும்.

கிளிநொச்சிப் பக்கம் இந்தக் கமராக்களைப் பூட்டிக் கொடுக்கிறதும் பிழைத்தால் போய்ப் பார்க்கிறதும்தான் என் வேலை. ஆர் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்கிறது "எப்ப பிழைக்குது?" என்றுதான். மொடல், விலை எல்லாம் பிறகு. விளக்கு வைக்கிற நேரமா, மழையிலா, மாசக் கடைசியிலா என்று சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

கேற் கமராவில் தொடங்குவோம். இருட்டினதும் கமரா இரவுப் பார்வைக்கு மாறும். உள்ளே ஒரு சின்ன வடிகட்டி 'டிக்' என்று விலகும், லென்ஸைச் சுற்றி இருக்கிற அகச்சிவப்பு லைற்றுகள் பற்றும். பகலில் இழுக்கிறதை விடக் கூடுதலான கறண்ட் அப்போது தேவை. அடப்டர் வீட்டுக்குள் இருக்கிறது, கமரா தூணில் இருக்கிறது, நடுவில் ஓடுவது மெல்லிய யுஎஸ்பி வயர். அதையும் ஒட்டுப்போட்டு நீட்டியிருந்தால், புறப்பட்ட 5 வோல்ட் முழுதாய்ப் போய்ச் சேராது. பகலுக்கு அது காணும். இரவில் லைற் பற்றின உடனே வோல்ட் விழும், கமரா அணையும். அணைந்ததும் பாரம் இல்லை, திரும்ப எழும்பும். லைற் பற்றும், திரும்ப விழும். விடிய விடிய இதுதான் நடக்கும்.

விசுவமடுப் பக்கம் ஒரு அன்ரி வீட்டில் இதே கதை. "ஆரோ செய்வினை செய்து போட்டாங்கள் தம்பி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் நிக்குது" என்றார். நான் போனது நல்ல மத்தியான வெயிலில். இருட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவரின் கறுத்தக் குடையை வாங்கிக் கமராவின் முகத்தோடு அணைத்துப் பிடித்தேன். 'டிக்' என்றது. குடைக்குள் மங்கலாய்ச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, உடனே அணைந்தன. கொஞ்சத்தில் கமரா தொடங்குகிற சத்தம், திரும்ப 'டிக்', திரும்ப அணைவு. "பாருங்கோ அன்ரி, உங்கட செய்வினை இந்த வயருக்குள்ளதான் இருக்கு" என்று ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டினேன். ரேப்புக்குள் செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.

இதை நீங்களும் செய்து பாருங்கள். சிவப்பு தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். அலைநீளம் 850 நானோமீற்றர் உள்ள லைற் கண்ணுக்கு மங்கலாய்த் தெரியும், 940 தெரியாது. போனின் முன் கமராவால் பார்த்தால் பெரும்பாலும் தெரியும். மூடின உடனே கமரா அணைந்தால் வயரையும் அடப்டரையும் பாருங்கள். நல்ல வழி, பிளக்கைத் தூணுக்குக் கிட்டக் கொண்டுபோய், அடப்டரை மழை படாத பெட்டிக்குள் வைத்து, கமராவோடு வந்த வயரை நீட்டாமல் குத்துவது. 230 வோல்ட் வேலை என்றபடியால் வயரிங் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். அது சரிவராவிட்டால் வீட்டில் இருந்து 12 வோல்ட்டாக அனுப்பி, கமராவுக்குக் கிட்ட 5 ஆகக் குறைக்கிற சின்னக் கருவியைப் போடலாம். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு வயரில் ஓடுகிற கறண்ட் பாதிக்கும் குறைவு, இழப்பும் குறைவு.

மகனின் கதைக்கு வருவோம். அவர் கூப்பிடும் நேரத்தில் நீங்கள் வீட்டு வைஃபையிலேயே அதே கமராவைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வடிவாய் வந்து அவருக்கு உடைந்தால் கமராவில் பிழை இல்லை. வீட்டில் இருந்து வெளியே போகிற இணையம் காணவில்லை. இங்கே பலர் ரவுட்டருக்குள் சிம் போட்டு 4ஜியில்தான் ஓட்டுகிறோம். ஸ்பீட் பார்க்கும்போது எல்லாரும் டவுன்லோட்டைப் பார்த்துச் சந்தோசப்படுகிறார்கள். கமராவுக்கு வேண்டியது அப்லோட், அதாவது வெளியே அனுப்புகிற வேகம். 1080பி (எச்டி) படம் ஒன்றுக்குச் சாதாரணமாய் நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவு போகும், மூன்றையும் ஒன்றாய்த் திறந்தால் 6. இதில் நேரமும் சதி செய்கிறது. கோடையில் ரொறன்ரோவில் காலை 8.30 என்றால் இங்கே மாலை 6. பிள்ளை வேலைக்குப் போகமுன் அம்மா வீட்டை ஒருக்கால் எட்டிப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்கப் போனும் கையுமாய் இருக்கும், ரவரில் நெரிசல். உங்கள் கேற் கமராவின் லைற் பற்றுகிறதும் அதே நேரம். அதனால்தான் எல்லாம் ஒரே பிழையாய்த் தெரிந்திருக்கிறது.

அவரை அப்பில் எச்டியில் இருந்து தெளிவு குறைந்த எஸ்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். செற்றிங்கில் எச்.265 என்று படத்தைச் சுருக்கி அனுப்புகிற முறை இருந்தால் போடுங்கள், கிட்டத்தட்ட அதே தெளிவு, டேற்றா வெகுவாய்க் குறையும். 2 எம்பிபிஎஸ் படத்தை ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறத்தாழ 900 எம்பி முடியும். மாசக் கடைசியில் மட்டும் உடைகிறது என்றால் பக்கேஜ் முடிந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். நள்ளிரவு கழிந்ததும் படம் திடீரென்று தெளிந்தால் பகல் டேற்றா முடிந்து இரவு டேற்றா ஓடுகிறது. அதற்கு நான் வந்து செய்ய ஒன்றும் இல்லை, ரீலோட் போடுங்கள்.

வீட்டு வைஃபையிலேயே உடைகிற கமரா என்றால், அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் முதல் எதிரி தகரம். கூரையும் தகரம், பத்தியும் தகரம், வேலியும் தகரம். ஓட்டுக் கூரையையும் சுவரையும் ஓரளவு தாண்டுகிற சிக்னல் தகரத்தில் பட்டுத் திரும்பிவிடும். ரவுட்டரை இரும்பு அலுமாரிக்கு மேலே வைத்துப் பூப்போட்ட துணியால் மூடியிருக்கிறவர்களும் உண்டு. துணியால் பிழை இல்லை, அலுமாரியால் பிழை. கேற் பக்க ஜன்னலுக்குக் கொண்டுவந்தாலே வித்தியாசம் தெரியும். அன்ரனாவைக் கமராவை நோக்கிக் குத்தாதீர்கள். நுனிப் பக்கம்தான் சிக்னல் குறைவு, அது நேராய் நிமிர்ந்து நிற்கட்டும்.

பின்வளவுக்கு நடுவில் மாமரம் நிற்கிறதா? ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும், கோடையில் அதே இடம் ஒழுங்காய் வேலை செய்யும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை, கமராவை ஒரு ஆள் உயரம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். மழையோடு மட்டும் வருகிற பிழைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், வயர்ப் பூட்டுக்குள் தண்ணீர். வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

அப்பில் சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில் காட்டினால் பாருங்கள், சுழியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. கழித்தல் 60 என்றால் நல்லது, கழித்தல் 80 என்றால் வீடியோவுக்குக் காணாது. தூரத்துக் கமராவுக்கு வைஃபையில் 5 கிகாஹேர்ட்ஸை விட 2.4தான் நல்லது, மலிவான பல கமராக்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரின் வைஃபை சனல் 1, 6, 11 மூன்றில் அயல் வீட்டுக்காரர் பிடிக்காததைப் போடுங்கள். தனித்தனி வீடுகள் உள்ள கிராமத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை, ஏ9 வீதிக் கடைத் தொகுதியில் பெரிய பிரச்சினை. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீற்றர் வாங்கினால் சிக்னல் செத்த இடத்தில் பூட்டாமல், இன்னும் உயிரோடு இருக்கிற பாதி வழியில் பூட்டுங்கள்.

இரவில் படம் வெள்ளைப் புகையாய் வந்தால் பேய் பிசாசு இல்லை, சிலந்தி. அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கிறவல் ரோட்டுச் செம்புழுதியும் அதே வேலை செய்யும். முதலில் ஊதித் தட்டிவிட்டுப் பிறகு ஈர மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த புழுதியைச் சாரத்தால் தேய்த்தால் விழுகிற கீறல், இரவு முழுக்க வெள்ளையாய்த் தெரிந்துகொண்டே இருக்கும். பத்தி லைற்றைப் போட்டதும் படத்தில் பட்டை பட்டையாய் ஊர்ந்தால், செற்றிங்கில் 60 ஹேர்ட்ஸ் என்று கிடப்பதை 50 ஆக்குங்கள். இலங்கைக் கறண்ட் 50.

உண்மையாகவே கமரா பழுது என்று நான் சொல்கிறது இரண்டுக்குத்தான். பட்டப்பகலில் புல்லும் இலையும் ஊதா ரோஸ் நிறமாய்த் தெரிந்தால் அந்த 'டிக்' வடிகட்டி இறுகிப் போயிருக்கிறது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இரண்டுக்கும் வாறண்டி இருக்கும்போதே கொண்டுபோங்கள், திருகாணியைத் தொடாமல். அடப்டரையும் பில்லையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மெமரி காட்டை மட்டும் கழற்றி வீட்டில் வையுங்கள், அதில் இருக்கிறது உங்கள் வீட்டுப் படம்.