உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியை ஊருணிக் கரையில் ஓட்டலாமா?

காரைக்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கியிருக்கிறீர்கள். ஊருணிக் கரைச் சரிவிலும் இந்த வண்டியை ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். சரிவு 15 டிகிரிக்கு மேல் என்றால் தயவுசெய்து வேண்டாம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் மாட்டிக்கொள்வார். தண்ணீர் ஓரம் இன்னும் மோசம். அங்கே ஆள் வைத்துக் கையால் வெட்டுவதே சரி. மிதமான சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள்.

நம் செம்மண்ணில் சரளைக்கல் கிடக்கும். பிளேடு பட்டால் கல் தோட்டா மாதிரி பாயும். முதலில் பொறுக்கிவிடுங்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். ஆசைக்குக்கூட மடியில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள்.

பிளேடில் கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல். அப்புறம், புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும்; அடிக்கடி பாருங்கள்.