இசுவார் ஊரின் இரட்டைச் சிலிண்டர்: வொக்சான் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: வொக்சான் என்ற பிரெஞ்சு மோட்டார் சைக்கிளின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் ஆரம்பித்தது? எங்கே? (முருகேசன், திண்டுக்கல்)

பதில்: ஜாக் கார்தெத் என்ற தொழிலதிபர், 1995இல். இடம், நடு பிரான்சில் ஓவெர்ன் பகுதியிலுள்ள இசுவார் என்ற சிற்றூர். மிஷ்லின் டயருக்குப் பேர்போன கிளெர்மோன்-ஃபெரான் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலகட்டத்தைக் கவனியுங்கள். தெரோ என்ற பழைய பிரெஞ்சு மோட்டார் சைக்கிள் கம்பெனி பியூஜோவுக்குள் போய் எப்போதோ மறைந்துவிட்டது. மோட்டோபெக்கான் என்ற இன்னொரு பிரெஞ்சு கம்பெனி 1980களில் நொடித்து யமஹா கைக்குப் போயிற்று. பெரிய மோட்டார் சைக்கிள் என்றால் ஜப்பான், இத்தாலி, ஜெர்மனி என்றிருந்த காலத்தில், என்ஜின் முதற்கொண்டு எல்லாவற்றையும் சொந்தமாகவே செய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினார். துணிச்சல்தான். கொஞ்சம் அசட்டுத் துணிச்சலும்கூட.

கேள்வி: வேறு கம்பெனி என்ஜினை வாங்கிப் பொருத்தியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்குமே, ஐயா? (ஹரிணி, கோவை)

பதில்: மிச்சமாகியிருக்கும். ஆனால் இன்று இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சோதெமோ என்ற பந்தய என்ஜின் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அந்த இரட்டைச் சிலிண்டர் என்ஜின்தான் வொக்சானின் உயிர். 996 சிசி. பிஸ்டன் 98 மில்லிமீட்டர் அகலம், அது மேலும் கீழும் போகும் தூரம் 66 மில்லிமீட்டர்தான். குட்டையான, அகலமான சிலிண்டர் என்பதால் வேகமாகச் சுழலும்.

இதில் ரசிக்க வேண்டியது கோணம். இரண்டு சிலிண்டரும் ‘வி’ எழுத்துப்போல் 72 டிகிரியில் விரிந்து நிற்கின்றன. டுகாட்டியில் 90 டிகிரி. அதிர்வு தன்னாலேயே பெருமளவு அடங்கிவிடும், ஆனால் என்ஜின் நீளமாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஹார்லியில் 45 டிகிரி. கச்சிதம், ஆனால் உதறும் உதறலில் கண்ணாடியில் பின்னால் வருகிறவரின் முகம் தெரியாது. வொக்சான் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்தது.

கேள்வி: குதிரைத்திறன் எவ்வளவு? (பெயர் வேண்டாம்)

பதில்: சுமார் 100. சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள் 100ஐத் தாண்டக் கூடாது என்று பிரான்சில் 2016 வரை கட்டுப்பாடு இருந்தது.

கேள்வி: நேரில் பார்த்திருக்கிறீர்களா, அண்ணா? (செல்வம், யாழ்ப்பாணம்)

பதில்: ஒரே ஒரு முறை. பாரிசில் ஒரு காபிக் கடை வாசலில் வொக்சானின் முதல் மாடலான ரோட்ஸ்டர் ஒன்று நின்றது. பின்சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரைத் தேடினேன், காணோம். இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன், அங்கும் இல்லை. காபிக் கோப்பையோடு வெளியே வந்த உரிமையாளர் ஒன்றும் பேசாமல் விரலால் தரையைக் காட்டினார். குனிந்து பார்த்தால், என்ஜினின் வயிற்றுக்கு அடியில் படுக்கைவாட்டில் கிடக்கிறது! கிராண்ட் பிரி பந்தயங்களுக்குச் சட்டகம் செய்து பழகிய அலென் ஷெவாலியேயின் கைவேலை அது. கனமான பொருளைக் கீழே இறக்கிவிட்டால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். மழைக்காலத்தில் சேறு முழுக்க அதன்மேல்தானே என்று கேட்க நினைத்தேன். அவருடைய பெருமிதத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கேள்வி: இவ்வளவு நல்ல வண்டி ஏன் நிலைக்கவில்லை? (ராபர்ட், தூத்துக்குடி)

பதில்: வண்டி நன்றாக இருப்பது வேறு, கம்பெனி நன்றாக இருப்பது வேறு. முதல் ரோட்ஸ்டர் விற்பனைக்கு வந்ததே 1999இல். அதுவரை வரவு இல்லை, செலவு மட்டும்தான். அடுத்து கஃபே ரேசர், ஸ்கிராம்ப்ளர் என்று மாடல்கள் வந்தன. ஆனால் ஊருக்கு ஊர் டீலர் வேண்டும், உதிரி பாகம் கையிருப்பில் வேண்டும், பத்திரிகையில் குறை எழுதினால் அடுத்த மாதமே சரிசெய்ய ஆள் வேண்டும். ஹோண்டாவுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. இசுவாருக்கு ஒவ்வொன்றும் மலை. 2002இல் திவால்.

திதியே காசோ என்பவர் எடுத்து மறுபடி நடத்தினார். பிளாக் மேஜிக் என்ற அழகான வண்டி வந்தது அவர் காலத்தில்தான். 2009 இறுதியில் மீண்டும் கதவு சாத்தப்பட்டது. என் கணக்கில் முதல் சாவைவிட இரண்டாவதுதான் வருத்தம். முதல் முறை அனுபவமின்மை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆனால் இத்தாலியப் பந்தய வீரர் மேக்ஸ் பியாஜி வேகத்தில் உலக சாதனை படைத்தது வொக்சானில்தானே? (இம்ரான், வேலூர்)

பதில்: வண்டியின்மேல் அந்தப் பெயர்தான் எழுதியிருந்தது. 2010இல் மொனாக்கோவின் வென்டூரி நிறுவனம் வொக்சானை வாங்கியது. அவர்கள் மின்சார வாகனக்காரர்கள். 2013இல் வாட்மேன் என்ற மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டினார்கள். அதன் சாதனை வடிவத்தை பியாஜி 2020இல் பிரான்சின் ஷாதோரூ விமானதளத்தில் 408 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 2021 நவம்பரில், ஐம்பது வயதில், அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மைய ஓடுதளத்தில் 455.737. இது போகவரக் கணக்கிட்ட சராசரி. ஒரு கணத்தில் எட்டிய உச்சம் 470ஐத் தாண்டியது.

மலைப்பான வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இசுவாரில் செய்த வண்டியின் ஒரு போல்ட்டுகூட அதில் கிடையாது. பழையதையும் புதியதையும் இணைப்பது சாஷா லாகிச் என்ற வடிவமைப்பாளர் மட்டுமே. கஃபே ரேசரும் அவர் வரைந்ததுதான், வாட்மேனும் அவர் வரைந்ததுதான்.

கேள்வி: நம் ஊருக்குப் பிரெஞ்சு வண்டி எதுவும் வந்ததுண்டா? (லட்சுமி, சேலம்)

பதில்: வொக்சான் இல்லை. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், சுவேகா மொபெட் ஓட்டியிருப்பார். அது மோட்டோபெக்கானின் தொழில்நுட்பத்தில் உருவானது. பின்னாளில் காற்று திசைமாறி, பியூஜோவின் இருசக்கரப் பிரிவில் பெரும்பங்கை 2015இல் மஹிந்திரா வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து விற்றது.

கேள்வி: ஒரு பழைய வொக்சான் வாங்கலாமா? (ஜார்ஜ், பாரிஸ்)

பதில்: என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த நண்பர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் நண்பரைத் தேடுங்கள்.