கிராமத்து மக்கள் மொபைல் வாங்க அரசு மானியம் கொடுப்பது பயன் தருமா?

தரும், ஆனால் டவர் வந்த பிறகு. கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்பெல்லாம் அப்பா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குவார். அன்றைய விலை மண்டியில் போய் நின்ற பிறகுதான் தெரியும். விலை விழுந்திருந்தால்? மூட்டையைத் திரும்ப மலையேற்ற இன்னொரு வண்டி வாடகை யார் கொடுப்பது? கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவார். மலைப்பூண்டு உடனே கெட்டுப்போகிற சரக்கு இல்லை, ஒரு வாரம் பொறுக்கலாம். பொறுக்கச் சொல்ல ஆளில்லாததுதான் நஷ்டம். இப்போது மூட்டையைத் தூக்கும் முன்பே மண்டிக்கு ஒரு போன் போடுகிறார்.

கேரள மீனவர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. 1997 முதல் 2001 வரை அங்கே கடலோரத்தில் டவர்கள் வந்தன. மீனவர்கள் படகிலிருந்தே விலை கேட்டு, வாங்க ஆள் இருக்கிற கரைக்குப் போனார்கள். லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, மத்தி மீன் விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் மீனைக் கொட்டுவது நின்றது. சிக்னல் வந்ததும் அவர்கள் கைக்காசு போட்டே போன் வாங்கினார்கள்.

அதனால் முதல் மானியம் டவருக்குப் போகட்டும். பத்து வீடு இங்கே, பத்து வீடு அங்கே என்று கிடக்கிற மலையில் டவர் போட்டால் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது. ஒரு மேடு குறுக்கே வந்தாலே சிக்னல் செத்துவிடும். இதற்கென்று நம் நாட்டில் 2002லிருந்து தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் ஒரு நிதிக்குப் போகிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி.

சரி, மீனவர் தானே வாங்கிக்கொண்டார் என்றால் போனுக்கு மானியம் எதற்கு? வாங்குகிறவர் தனக்கு வரும் லாபத்தைத்தான் கணக்குப் பார்ப்பார். ஆனால் அவரைக் கூப்பிடுகிற எல்லோருக்கும் அதில் லாபம் இருக்கிறது. எங்கள் அத்தை ஊருக்கு ஒரு சாவுச் செய்தி சொல்ல அன்று சித்தப்பாதான் பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. அத்தையிடம் போன் இருந்திருந்தால் மிச்சமாவது எங்கள் செலவும் நேரமும். அந்தப் பங்கைத்தான் அரசு கொடுக்க வேண்டும் என்கிறேன். ஆப்பிரிக்காவில் ருவாண்டா அரசு 2008ல் கைபேசிகளுக்கு மானியம் கொடுத்தது.

அப்படிக் கொடுத்தால் பெண்கள் பெயரில் கொடுக்க வேண்டும். அத்தை வீட்டில் இன்றைக்கும் ஒரே போன்தான். மாமா அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டால், பொழுது சாயும் வரை அத்தையிடம் பேச வழியில்லை.